மறுப்பைச் சொல்லும் விதம்

அவையோருக்கு வணக்கம். மனநல மருத்துவமனையின் உள்நோயாளர் வார்டில் ஒருவர் கை ஓங்கிவிட்டால், அவருடைய நோயைக் காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மில் பலருக்கும் பழகிப்போயிருக்கிறது. நோய்க்கு அதில் பங்கு உண்டு. தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறவர், தன்னைக் காத்துக்கொள்வதாக நினைத்தே தாக்கக்கூடும். ஆனால் அந்த நோயாளி எந்த வார்டில் இருந்தார், அங்கே அவரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கும் பங்கு உண்டு.

மோதல் தொடங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். வீட்டாரோடு பேசத் தொலைபேசி கேட்டு ஒருவர் செவிலியர் அறையின் கண்ணாடியைத் தட்டுகிறார். உள்ளே எழுதிக்கொண்டிருப்பவர் தலை நிமிராமலே "இப்போது முடியாது" என்கிறார். மறுபடியும் தட்டுகிறார், குரல் உயர்கிறது, நான்கு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள், ஊசி போடப்படுகிறது. அதே செவிலியர் வெளியே வந்து, எட்ட நின்று மிரட்டாமலும் மிக நெருங்கி அச்சுறுத்தாமலும், "மருந்து கொடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆகும், முடித்ததும் நானே வந்து கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே வந்திருந்தால், அந்த ஊசிக்குப் பெரும்பாலும் வேலையே இருந்திருக்காது. சொன்னபடி வருவதுதான் இதில் கடினம். ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் அது முடியாமல் போகிறது என்பதை நிர்வாகத்தினர் உணரவேண்டும்.

இது வெறும் நல்லெண்ணப் பேச்சு அல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் லென் பவர்ஸ் தலைமையிலான குழு, வார்டில் மோதலைக் குறைப்பதற்கான 'சேஃப்வார்ட்ஸ்' என்ற முறையை இங்கிலாந்தின் 15 மருத்துவமனைகளில் 31 வார்டுகளைக் கொண்டு சோதித்து, முடிவை 2015இல் வெளியிட்டது. முறையைக் கடைப்பிடித்த வார்டுகளில் மோதல்கள் ஏறத்தாழ 15 விழுக்காடும், பிடித்து அடக்குவது, தனியறையில் அடைப்பது போன்ற நடவடிக்கைகள் ஏறத்தாழ 26 விழுக்காடும் குறைந்தன. அதில் உள்ள பத்து வழிகளும் எளியவை. கெட்ட செய்தி வந்த நோயாளியை முன்கூட்டியே கவனித்து ஆறுதல் சொல்வது ஒன்று. வீடு திரும்புகிறவர் எழுதிவைத்துப் போகும் நம்பிக்கை வரிகளைப் புதிதாக வருகிறவரின் கண்ணில் படும்படி மாட்டிவைப்பது இன்னொன்று.

நார்வேயில் உருவான புரோசெட் பட்டியல் குழப்பம், எரிச்சல், ஆரவாரம், வாய் மிரட்டல், உடல் மிரட்டல், பொருட்களைத் தாக்குதல் ஆகிய ஆறு அறிகுறிகளைக் கொண்டு அடுத்த 24 மணி நேரத்தில் நோயாளி வன்முறையில் இறங்கும் அபாயத்தை மதிப்பெண்ணாகக் கணிக்கிறது. மதிப்பெண் ஏறியதும் அருகில் சென்று பேசினால்தான் அதற்குப் பயன். முன்கூட்டியே கட்டிப்போடும் சாக்காக அது மாறுமானால், அந்தப் பட்டியல் இல்லாமல் இருப்பதே மேல்.

அடிபட்ட செவிலியரிடம் "இந்த வேலையில் இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி மறுநாளே அதே வார்டுக்கு அனுப்புவது கொடுமை. அச்சத்தோடு வேலைக்கு வருகிறவர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரமாட்டார். அடுத்த மோதலுக்கு அதுவே வித்தாகும். ஆகவே ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் செவிலியரையும் நோயாளியையும் தனித்தனியே அமரவைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னதில் எதை வார்டில் உடனே மாற்றலாம் என்று அந்த வாரமே முடிவெடுக்க வேண்டும் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.