எக்ஸ்பொக்ஸ் எப்படி உள்ளே வந்தது

(கிளிநொச்சியில் இளைஞர்கள் மத்தியில் பேசியது. நேரம் போதாமல் பேச்சில் விட்டுப்போன சில விபரங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

வணக்கம் பிள்ளைகளே.

கேம் என்று சொன்னாலே இங்கே பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். படிக்கிற பிள்ளையைக் கெடுக்கிற சாமான் என்ற நினைப்பு. அந்த வழக்கை இன்றைக்கு நான் எடுக்கவில்லை. ஏற்கெனவே பெரிய ஆட்கள் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த ஒரு சந்தைக்குள் கடைசியாக வந்த ஒருவன் எப்படி நுழைந்தான், எங்கே தடுக்கி விழுந்தான், எதைப் பிடித்து எழும்பினான், இதுதான் நான் கதைக்கப்போகிற விசயம். அந்த ஒருவன் மைக்ரோசொப்ட் கம்பனி, அவன் கொண்டுவந்த கேம் பெட்டிதான் எக்ஸ்பொக்ஸ். வன்னியில் நாங்கள் எதைத் தொடங்கினாலும் மற்றவர்கள் தொடங்கி இருபது வருசத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறோம். பிந்தி வந்தவனுடைய கதை எங்களுக்குத் தேவை.

வீட்டு டிவியில் பூட்டி விளையாடுகிற கேம் பெட்டி, அதாவது கொன்சோல், 1990களில் ஜப்பான்காரர்களின் கையில் இருந்தது. நிண்டெண்டோ, சேகா, பிறகு சொனி. சொனியும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்கள்தான். நிண்டெண்டோவுடன் சேர்ந்து சீடி பூட்டிய ஒரு மெசின் செய்வதாகப் பேச்சு நடந்து, 1991 இல் நிண்டெண்டோ சொனியைக் கைவிட்டு வேறு கம்பனியிடம் போக, அந்த அவமானத்தில் இருந்துதான் கென் குட்டராகி என்ற எஞ்சினியர் சொனிக்குள்ளேயே பிடிவாதமாக நின்று 1994 டிசம்பரில் முதல் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தார். அது 10 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் அதே காலத்தில் நுழையப் பார்த்த மற்றவர்களைப் பாருங்கள். 3டிஓ என்ற மெசின் 1993 இல் 699 டொலருக்கு வந்து விலையாலேயே செத்தது. அட்டாரி ஜாகுவார் எடுபடவில்லை. அப்பிள்கூட பிப்பின் என்ற ஒன்றை விட்டுப்பார்த்தது, இன்றைக்கு அதன் பெயரே யாருக்கும் ஞாபகம் இல்லை. சேகா 2001 ஜனவரி 31 ஆம் திகதி தன் டிரீம்காஸ்ட்டை நிறுத்துவதாக அறிவித்தது, அதோடு மெசின் செய்கிற வேலையையே விட்டது.

இந்த நேரத்தில்தான் மைக்ரோசொப்ட் வருகிறது.

அவர்களுடைய பயம் என்னவென்றால், சொனியின் பிளேஸ்டேஷன் 2 டிவிடியும் போடும், டிவிக்குக் கீழே நிரந்தரமாகக் குடியிருக்கும், நாளைக்கு வீட்டுக்குள் கணினி செய்கிற வேலையையும் அதுவே எடுத்துக்கொள்ளும் என்பது. சீமஸ் பிளக்லி, கெவின் பாக்கஸ், ஓட்டோ பெர்க்ஸ், டெட் ஹேஸ் என்று நாலு பேர் உள்ளுக்குள்ளேயே இந்த யோசனையைக் கிளப்பினார்கள். மேலே இருந்து வந்த உத்தரவு இல்லை, அதைக் கவனியுங்கள். 2000 பெப்ரவரி 14 அன்று கம்பனித் தலைவர்கள் பில் கேட்ஸ், ஸ்டீவ் பால்மர் இரண்டு பேரும் இருந்த கூட்டம் மணிக்கணக்கில் சண்டையாகவே நடந்திருக்கிறது. கம்பனியின் உயிரான விண்டோஸ் அப்படியே அதில் ஓடாது என்றவுடன் கேட்ஸுக்குக் கோபம். கடைசியில் சம்மதித்தார்கள். அடுத்த மாதமே கேட்ஸ் மேடையில் ஏறி அறிவித்துவிட்டார்.

2001 நவம்பர் 15 இல் அமெரிக்காவில் எக்ஸ்பொக்ஸ் கடைக்கு வந்தது. விலை 299 டொலர். அந்த நாளில் நாங்கள் இங்கே எப்படி இருந்தோம் என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள். கரண்ட் லைன் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிட்டு வைத்து பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள் எங்கள் ஆட்கள். 2002 பெப்ரவரி 22 இல் எக்ஸ்பொக்ஸ் ஜப்பானில் வெளியானது, அதே திகதியில்தான் இங்கே யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏ9 றோட்டு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு கொன்சோல் என்றால் என்ன தெரியும்? ஒப்பாரி வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் பிந்தினோம் என்பதை அளக்க ஒரு திகதி கையில் இருப்பது நல்லது.

சரி, மெசினுக்கு வருவோம். 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வகை புரொசசர், என்விடியாவின் கிராபிக்ஸ், 64 எம்பி மெமரி, உள்ளுக்கே 8 ஜிபி ஹார்ட் டிஸ்க். பலத்தில் பிளேஸ்டேஷன் 2 ஐ விட ஒரு படி மேலே. நீங்கள் போன் வாங்கும்போது இன்றைக்கும் இப்படித்தான் எண்களை வைத்துச் சண்டை பிடிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பலம் அதை வெல்ல வைக்கவில்லை. பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கு மேல். எக்ஸ்பொக்ஸ் சுமார் 2.4 கோடி. நிண்டெண்டோவின் கேம்கியூப்பை மட்டும் கொஞ்சம் தாண்டியது. பலமான மெசின் வெல்லும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்கவேண்டும்.

அப்படியென்றால் அதை நிலைக்க வைத்தது எது? என் கணிப்பில் இரண்டு விசயம். ஒன்று ஒரு கேம். மற்றது ஒரு வயர்.

கேம் என்றது ஹேலோ. அதைச் செய்தவர்கள் பன்ஜி. 1991 இல் சிகாகோவில் அலெக்ஸ் செரோப்பியன் என்ற பல்கலைக்கழக மாணவன் தொடங்கிய கம்பனி அது. ஜேசன் ஜோன்ஸ் என்ற இன்னொருவர் வந்து சேர்ந்தார். பெரிய கம்பனிகள் பெரிதாகக் கவனிக்காத அப்பிள் மெக் கணினிக்குத்தான் கேம் செய்தார்கள், ஏனென்றால் அங்கே போட்டி குறைவு. 1999 இல் அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் தன் மேடையில் ஹேலோவைக் காட்டினார். அடுத்த வருசம் மைக்ரோசொப்ட் பன்ஜியையே வாங்கிவிட்டது. ஹேலோ எக்ஸ்பொக்ஸோடு அதே நாளில் வந்தது. ஹேலோ விளையாடத்தான் மெசினை வாங்கினார்கள் என்று சொன்னால் மிகையில்லை. கொன்ட்ரோலரில் துப்பாக்கிச் சண்டை விளையாட முடியாது, மவுஸ் வேண்டும் என்று அதுவரைக்கும் பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை ஹேலோ அடக்கியது. இரண்டாவது ஹேலோ 2004 நவம்பரில் வந்தபோது முதல் 24 மணித்தியாலத்தில் 12.5 கோடி டொலருக்கு விற்றது.

வயர் என்றது மெசினின் பின்பக்கத்தில் இருந்த ஈதர்நெட் ஓட்டை, அதாவது இணைய வயர் பூட்டுகிற இடம். சின்ன விசயம்போல இருக்கும், ஆனால் அந்தக் கம்பனி எடுத்த துணிச்சலான முடிவு அதுதான் என்று நான் நினைக்கிறேன். 2001 இல் அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் பிரோட்பாண்ட் என்ற வேகமான இணைய இணைப்பு இல்லை, டெலிபோன் லைனில் கர்கர் என்று இணைகிற மோடம்தான். டிரீம்காஸ்ட் அந்த மோடத்தோடு வந்தது. மைக்ரோசொப்டின் ஜே அலார்டும் அவருடைய ஆட்களும் மோடமே வேண்டாம், பிரோட்பாண்ட் மட்டும் போதும் என்று நின்றார்கள். 2002 நவம்பரில் எக்ஸ்பொக்ஸ் லைவ் என்ற இணையச் சேவை தொடங்கியது, காதில் மைக் போட்டு வேறு ஊரில் இருக்கிறவனோடு கதைத்துக்கொண்டு விளையாடலாம், எந்தக் கேமுக்குப் போனாலும் உங்கள் பெயரும் கூட்டாளிகள் பட்டியலும் கூடவே வரும். பிளேஸ்டேஷன் 2 இல் வலையமைப்புக்கு அடப்டர் தனியாக வாங்கிப் பூட்டவேண்டும். இங்கே இராத்திரி முழுக்க போனில் நாலு பேர் சேர்ந்து, மைக்கில் கத்திக்கொண்டு விளையாடுகிறீர்களே, அந்தப் பழக்கத்தை வரவேற்பறைக்குள் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

இதற்கெல்லாம் அவர்கள் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மெசினும் செய்யிற செலவைவிடக் குறைவாக விற்கப்பட்டது. கேமில் பிறகு எடுக்கலாம் என்ற கணக்கு. முதல் எக்ஸ்பொக்ஸ் காலத்தில் பல நூறு கோடி டொலர் நட்டம். எங்கள் ஊரில் காடு வெட்டிக் காணி எடுத்த பழைய ஆட்கள் முதல் போகத்திலேயே வீடு கட்டலாம் என்று நினைக்கவில்லை, வேரைக் கிளப்பவே ஒரு போகம் போகும் என்று தெரிந்துதான் இறங்கினார்கள். மைக்ரோசொப்டும் அப்படித்தான் இறங்கியது.

ஜப்பானில் மட்டும் வாங்கிக் கட்டினார்கள். மொத்தமாக 5 இலட்சம்கூட விற்கவில்லை. பெட்டி பெரிது, கொன்ட்ரோலர் பெரிது, அந்த ஊர் ஆட்கள் விரும்புகிற வகைக் கேம்கள் போதாது, போட்டியாளர்கள் அந்த மண்ணிலேயே பிறந்த கம்பனிகள். ஆனால் ஜப்பான்காரருக்கென்று சின்னதாகச் செய்த கொன்ட்ரோலர் அமெரிக்கர்களுக்கும் பிடித்துப்போய், கடைசியில் எல்லா ஊருக்கும் அதையே கொடுத்தார்கள்.

அடுத்து வந்த எக்ஸ்பொக்ஸ் 360 கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 நவம்பரில், சொனிக்கு ஒரு வருசம் முந்தி வந்தார்கள். பிளேஸ்டேஷன் 3 இன் பெரிய மொடல் 599 டொலருக்கு வந்தது, இவர்களுடையது 399. அவசரத்துக்கு ஒரு தண்டனையும் கிடைத்தது: சூடேறி, முன்னால் சிவப்பு வட்டம் எரிந்து மெசின்கள் செத்தன. 2007 இல் உத்தரவாதத்தை 3 வருசமாக நீட்டி, அதற்காக 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கினார்கள். கடைசியில் பிழையை ஒப்புக்கொண்டு காசைக் கொட்டித் திருத்தியதால்தான் வாங்கினவர்கள் விட்டுப் போகவில்லை. 360 சுமார் 8.4 கோடி விற்றது, பிளேஸ்டேஷன் 3 சுமார் 8.7 கோடி. இரண்டாவது தலைமுறையிலேயே முன்னுக்கு நின்றவனின் தோளுக்குத் தோள்.

பிறகு சறுக்கினார்கள். 2013 இல் எக்ஸ்பொக்ஸ் வன் அறிவித்தபோது 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையவேண்டும் என்று சொன்னார்கள். விலை 499 டொலர். சொனியின் பிளேஸ்டேஷன் 4 விலை 399. இணையம் இல்லாத ஊரில் இருக்கிறவன் என்ன செய்வான் என்ற கேள்வி உலகம் முழுக்க எழும்பியது, ஒரு மாதத்துக்குள்ளேயே அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள், ஆனாலும் போன நம்பிக்கை அந்தத் தலைமுறையில் திரும்பவில்லை. டேட்டா கார்ட் போட்டுக் காலம் தள்ளுகிற எங்களுக்கு அந்தக் கோபம் நன்றாக விளங்கும்.

2025 அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. முதல் ஹேலோவைப் புதிதாகச் செய்து பிளேஸ்டேஷன் 5 க்கும் கொடுக்கப்போகிறோம் என்றார்கள். எந்தக் கேமை வைத்து எக்ஸ்பொக்ஸை விற்றார்களோ அது போட்டிக்காரனின் பெட்டிக்குப் போகிறது. அதைச் செய்த பன்ஜியோ 2007 இல் மைக்ரோசொப்டை விட்டு விலகி, 2022 இல் சொனியின் கையில் சேர்ந்துவிட்டது. பெட்டிகள் வரும், போகும். கேமும் அதைச் செய்யத் தெரிந்த ஆட்களும்தான் எந்தப் பெட்டிக்கும் தேவைப்படுகிறார்கள்.

கூகிள் இதை விளங்கிக்கொள்ளவில்லை. 2019 நவம்பரில் ஸ்டேடியா என்று வந்தார்கள். பெட்டியே வேண்டாம், இணையத்திலேயே ஓடும் என்றார்கள். காசும் இருந்தது, தொழில்நுட்பமும் இருந்தது. சொந்தமாகக் கேம் செய்யத் தொடங்கிய ஸ்டூடியோக்களை 2021 இலேயே மூடினார்கள். 2023 ஜனவரியில் கடையையும் சாத்திவிட்டார்கள். மைக்ரோசொப்ட் நட்டத்தோடு நின்ற இடத்தில் கூகிள் நிற்கவில்லை.

இனி எங்கள் பக்கம். கொன்சோல் செய்வதற்கு வன்னியில் யாரும் கனவு காண வேண்டாம், அது ஆயிரம் கோடிகளின் விளையாட்டு. கேம் செய்கிற கதவு அப்படி இல்லை. ஸ்டார்டியூ வாலி (Stardew Valley) என்று ஒரு கேம் இருக்கிறது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள், ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு, நாலு வருசத்துக்கு மேல் இருந்து, புரோகிராம், படம், இசை எல்லாம் தானே செய்தார். 2016 இல் வெளிவந்தது. 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது, எல்லாப் பெட்டியிலும் ஓடுகிறது. என்ன கேம் தெரியுமா? தோட்டம் செய்கிற கேம். விதைப்பது, தண்ணி விடுவது, அறுப்பது, கோழி வளர்ப்பது.

தோட்டம் பற்றி அமெரிக்காவில் ஒருவர் இவ்வளவு செய்தால், இரணைமடுக் குளத்துக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு தெரியும்! சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைத்து முடிவெடுக்கவேண்டும், வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறவனுக்கும் கடைசியில் இருக்கிறவனுக்கும் பிரச்சினை, இரவில் பன்றி, சில ஊரில் யானை, மாரியில் மழை கூடினால் வான்கதவு திறக்கவேண்டும். இதில் விளையாட்டுக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது, வேறு எந்த ஊர்க்காரனும் இதை உங்களைப்போலச் செய்யமுடியாது. படம் கீற பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம், கேம் கட்ட கோடோ என்ற மென்பொருள் இலவசம். இங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன, வவுனியாவுக்கு 2021 இல் இருந்து சொந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படிக்கிற ஒருவர், படம் கீறத் தெரிந்த ஒருவர், வயல் தெரிந்த ஒருவர், மூன்று பேர் சேர்ந்தால் தொடங்கலாம். முதல் கேம் சின்னதாக இருக்கட்டும், ஒரு வாய்க்கால், நாலு வயல், ஒரு போகம் போதும்.

லப்டொப் கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்னுக்கு வாருங்கள். கோடோவை பென் டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன், சின்ன பைல்தான், டேட்டா செலவில்லாமல் ஏற்றித் தருகிறேன்.