சுதா சந்திரனின் வலது காலும் இடது புருவமும்

வணக்கம். பின் வரிசையில் கேட்கிறதா? அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நானும் தொண்டையைக் குறைத்துக்கொள்வேன்.

இன்று சுதா சந்திரனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் என்னிடம் நடனம் படிக்கிற பெண் கேட்டாள், "டீச்சர், 'தெய்வம் தந்த வீடு' சீரியலில் வருவாங்களே, அந்தச் சித்ராதேவியா?" பக்கத்தில் நின்ற அவள் பாட்டி, "அவளுக்குக் கால் போச்சுடி, கட்டைக்கால் வச்சு ஆடினா" என்றார். இரண்டு பேருக்கும் இரண்டு சுதா சந்திரன். நம் மேடைகளில் எப்போதும் பாட்டியின் சுதா சந்திரனைத்தான் கொண்டாடுகிறோம். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, கைதட்டல், பொன்னாடை. நானும் ஒருமுறை அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் நான் நடனம் சொல்லிக்கொடுப்பவள். தன்னம்பிக்கையால் தட்டடவு, அதாவது தரையைத் தட்டிப் பழகுகிற முதல் அடிப்படை அசைவுகூட, வராது.

நடந்தது உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பையில் வளர்ந்த பெண். சிறு வயதிலேயே பரதநாட்டியம், பள்ளிப் பருவத்திலேயே பல மேடைகள். 1981 மே மாதம் திருச்சிப் பக்கம் பேருந்து விபத்து. காயம் முதலில் உயிர்போகிற காயமல்ல. உள்ளே சதை அழுகத் தொடங்கியது, கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். வலது கால். முழங்காலுக்குக் கீழே. இந்த இரண்டும் நடனக்காரர்களுக்கு வேறு அர்த்தம். எந்த அடவை எடுத்தாலும் வலது காலில் தொடங்கி, பிறகுதான் இடது. முதல் நாள் முதல் பாடம், 'தையா தை', வலது பாதம் தரையில் விழுகிற சத்தத்தில்தான் ஆரம்பம். அந்தப் பாதம் போயிற்று. ஆனால் முழங்கால் தப்பியது. அரைமண்டியை, அதாவது முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்து ஆடுகிற நிலையை, முழங்காலும் இடுப்பும்தானே தாங்குகின்றன? முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தால் நாம் இன்று இந்தக் கூட்டம் போட்டிருக்க மாட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, பாதத்துக்கு எங்கே போவது? செயற்கைப் பாதம் செய்துதந்த ஜெய்ப்பூர் மருத்துவர் பி. கே. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் அவரைத் தேடிப் போனார் சுதா. சேத்தியின் பெயரைச் சொல்கிறவர்கள் ராம்சந்திர சர்மாவை விட்டுவிடுகிறார்கள். சர்மா அதிகம் பள்ளிக்கூடம் போகாத கைவினைஞர். அப்போது வெளிநாட்டு மாதிரியில் செய்த செயற்கைப் பாதம் ஷூவுக்குள் போட்டு நடப்பதற்கானது. சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, வயல் சேற்றில் இறங்க முடியாது. நம் ஊர்க்காரனுக்கு அதை வைத்து என்ன செய்ய? டயருக்குப் பயன்படுகிற ரப்பரையும் மரத்துண்டையும் அச்சில் வைத்துச் சூட்டில் இறுக்கி, வெறுங்காலோடு நடக்கக்கூடிய, எல்லாப் பக்கமும் சற்று வளைகிற பாதத்தை 1960களின் இறுதியில் இவர்கள் உருவாக்கினார்கள். விவசாயிக்காகச் செய்த பாதம். வெறுங்காலோடு தரையைத் தட்டுகிற இன்னொரு தொழில் நம்முடையது என்பதால் நமக்கும் அது பொருந்திவிட்டது.

பொருந்தியது என்று வாயால் சொல்லிவிடலாம். நீங்கள் எல்லோரும் உட்கார்ந்தபடியே வலது காலைத் தூக்கி ஒரு தட்டு தட்டுங்கள். ம், இன்னொரு முறை. கல் சில்லிட்டது, விரல் பரவியது, குதிகாலில் அதிர்வு ஏறியது, இல்லையா? ரப்பர் பாதத்தில் இது ஒன்றும் தெரியாது. தரை வந்ததா இல்லையா என்பது, மேலே மிச்சமிருக்கிற காலின் நுனி செயற்கைக் காலின் குழிக்குள் அழுந்துகிற அழுத்தத்தில்தான் தெரியும். தாளத்தை வேறொரு இடத்தில் கேட்கப் பழக வேண்டும். முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தட்டுகிற 'குதித்து மெட்டு' அடவு, கணுக்கால் இல்லாமல் எப்படி? உடம்பின் பாரத்தை எந்தக் கணத்தில் இடப்பக்கம் மாற்றுவது? அவர் மறுபடி கற்றுக்கொண்டது இந்தக் கணக்குகளை. தோல் உரிந்து, ரத்தம் கசிந்து. 1984 ஜனவரியில் மும்பையில் மீண்டும் மேடையேறினார்.

பிறகு சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 'மயூரி' தெலுங்குப் படம். தன் கதையில் தானே நடித்தார். தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது. 1986இல் இந்தியிலும் அந்தப் படம் மறுபடி எடுக்கப்பட்டது. சினிமா அவரிடம் முக்கியமாகக் கேட்டது அந்த ஒரு கதையைத்தான். ஒருவருக்குத் தன் வாழ்க்கை வரலாற்றில் எத்தனை முறை நடிக்க முடியும்?

அவருக்கு நிலையான மேடை தந்தது தொலைக்காட்சி. 2001இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய 'கஹீன் கிஸீ ரோஸ்' தொடரில் ரமோலா சிகந்த் என்ற வில்லி. நெற்றி நிறைய விதவிதமான பொட்டு, கனத்த நகை, அசையாத கழுத்து. அந்தப் பொட்டுகளே தனிப் புகழ் பெற்றன. அந்தக் கால இந்தித் தொடர்களின் இலக்கணம் உங்களுக்கு நினைவிருக்கும்: யாரோ ஒரு வார்த்தை சொல்வார்கள், டமால் என்று சத்தம், கேமரா முகத்தில் மூன்று முறை போய் முட்டும். அந்த மூன்று முட்டலையும் தாங்க ஒரு முகம் வேண்டுமே! பல நடிகைகள் கண்ணை அகலத் திறப்பார்கள், அவ்வளவுதான். சுதா சந்திரன் கடைக்கண்ணில் தொடங்குவார், தலை திரும்பாது, பார்வை மட்டும் ஓரத்துக்குப் போகும், பிறகு இடது புருவம் மெல்ல ஏறும். நம் வகுப்பில் எட்டு வகைப் பார்வை சொல்லித் தருகிறோமே, அதில் 'சாசி' இதுதான். மேடையில் சகியைப் பார்க்கிற நாயகியின் பார்வை, டிவியில் மருமகளைப் பார்க்கிற மாமியாரின் பார்வையாகிவிட்டது. கலை இப்படித் தேய்ந்துபோயிற்றே என்று வருந்துகிற நண்பர்கள் இங்கே இருப்பீர்கள். எனக்கு வருத்தமில்லை. அபிநயம் எந்தச் சட்டத்துக்குள்ளும் நிற்கும். டிவியின் சதுரச் சட்டத்துக்குள்ளும் நிற்கும்.

கவனியுங்கள், அந்தச் சட்டத்துக்குள் கால் வருவதே இல்லை. பாதத்துக்காக அவ்வளவு பாடுபட்டவர், இருபது வருடத்துக்கு மேல் மார்புக்கு மேலே மட்டும் காட்டுகிற பெட்டிக்குள் தொழில் செய்திருக்கிறார். 2013 முதல் விஜய் டிவியில் சித்ராதேவியாகத் தமிழ் வீடுகளுக்குள் வந்தபோது, பார்த்த பிள்ளைகளில் பலருக்கு அவர் நடனக்காரர் என்றே தெரியாது. என் மாணவிக்கும் தெரியவில்லை. முதலில் எனக்குச் சுருக்கென்றது. யோசித்தபோது அதுவே அவருக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று பட்டது. அவளுக்கு அவர் இரக்கப்படவேண்டிய ஆளல்ல, பயப்படவேண்டிய மாமியார்!

ஆனாலும் கால் அவரை விடவில்லை. 2021 அக்டோபரில் ஒரு காணொளி வெளியிட்டார், பார்த்திருப்பீர்கள். விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள், எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் அட்டை கொடுங்கள் என்று பிரதமரிடம் கேட்டார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. நான் அந்தக் காணொளியை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை அவர் சொன்னதைக் கேட்டேன். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். புருவம் ஏறவில்லை, கடைக்கண் இல்லை, நேர்ப் பார்வை. அபிநயம் எதுவும் இல்லாத அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.