வலியே தெரியாத கைக்கு வைத்தியம்: டாக்டர் பால் பிராண்ட்

வணக்கம் மக்களே. முதல்ல உங்க கையை நீட்டுங்க. விரலை நேரா வெச்சுக்கிட்டு, உள்ளங்கையோட விரல் சேர்ற கணுவுல மட்டும் மடக்குங்க. சோத்தை அள்ளும்போது கை இப்படித்தான் நிக்கும். இதுக்கு உள்ளங்கைக்குள்ள இருக்குற குட்டித் தசைங்க வேணும். அதுங்க செயலிழந்தா விரல் இதோ, இப்படிக் கொக்கி மாதிரி சுருண்டுக்கும். தொழுநோய் வந்த எத்தனையோ பேருக்கு இப்படித்தான் ஆச்சு.

நான் பிசியோதெரபிஸ்ட். காலேஜ்ல கை ஆபரேஷன் பாடம் நடக்கும்போதுதான் பால் பிராண்ட் பேரைக் கேட்டேன். 1914-ல நம்ம கொல்லிமலையில மிஷனரி குடும்பத்துல பொறந்தவர். ஒன்பது வயசுல படிக்க இங்கிலாந்து அனுப்பிட்டாங்க. அங்க இருக்கும்போதே அப்பா இங்க காய்ச்சல்ல இறந்துட்டார். டாக்டருக்குப் படிக்கிறதுக்கு முன்னாடி கட்டட வேலை கத்துக்கிட்டவர்! 1946-ல வேலூர் சிஎம்சிக்கு எலும்பு டாக்டரா வந்தார்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போறார். எங்க பார்த்தாலும் சுருண்ட கைங்க. ஒருத்தர் கைக்குள்ள தன் கையைக் குடுத்து, "அழுத்துங்க"ன்னார். வலு இருக்காதுன்னு நெனச்சார். ஆனா அந்த ஆள் அழுத்துன அழுத்துல நகம் சதைக்குள்ள இறங்கிடுச்சு. எதிராளிக்கு வலிக்குதுன்னே அவருக்குத் தெரியல! பிராண்டுக்கு அந்த நிமிஷம் புரிஞ்சது: முன்னங்கைத் தசை நல்லாத்தான் இருக்கு. அப்போ இந்தக் கையைச் சரிபண்ண முடியும்.

இன்னொரு சம்பவம். துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு, சாவியைத் திருப்ப அவரால முடியல. நோயாளிப் பையன் ஒருத்தன் வந்து அசால்ட்டா திருப்பிட்டான். கீழ ரத்தம் சொட்டுது. பார்த்தா விரல் எலும்பு தெரியுற அளவுக்குக் கிழிஞ்சிருக்கு, பையன் அதைக் கவனிக்கவே இல்ல. "தொழுநோய் வந்தா சதை தானா அழுகி விழும்"னு அப்ப எல்லாரும் நம்புனாங்க. நோய் நரம்பைச் சாகடிக்குது, வலி தெரியாம போகுது, அதனால தினம் தினம் காயம் ஆகுதுன்னு இவர் கண்டுபிடிச்சார். ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிச்சா கூட அவங்களுக்குத் தெரியல. அதுக்காக நோயாளிங்களுக்குப் பூனை குடுத்தாங்கன்னு படிச்சப்ப எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

ஆபரேஷன் என்னன்னா, தசைநாணை வழி மாத்துறது. தசையை எலும்போட கட்டி வெக்குற கயிறுதான் தசைநாண், நம்ம பேச்சுல அதையும் நரம்புன்னுதான் சொல்லுவோம். மணிக்கட்டைத் தூக்கிட்டு இருந்த ஒரு தசையோட நாணை எடுத்து, நாலு இழையா நீட்டி, நாலு விரலுக்கும் தைச்சார். ஆனா மூளைக்கு இது தெரியாதே? "மணிக்கட்டைத் தூக்குறதா நெனச்சுக்கோங்க"ன்னு சொல்லிச் சொல்லி, விரல் நிமிர்ற வரைக்கும் வாரக்கணக்கா பழக்கணும். அங்கதான் எங்க வேலை ஆரம்பிக்குது.

கை நேரானதும் பிச்சை கிடைக்கல, வேலையும் யாரும் தரலன்னு சிலர் வந்து நின்னாங்க. தச்சு வேலை மாதிரி கைத்தொழில் கத்துக்க வேலூர்லயே இடம் அமைச்சுக் குடுத்தார். இவரை நான் இவ்வளவு மதிக்கக் காரணமே இதுதான். தையல் பிரிச்சதோட அவர் வேலை முடிஞ்சிடல.

1966-ல அமெரிக்கா போயி, கார்வில்ங்கிற ஊர்ல இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தார். அங்க செயற்கையா வலி உண்டாக்குற கருவி செஞ்சு பார்த்தார். நோயாளிங்க தொந்தரவா இருக்குன்னு அதை அணைச்சு வெச்சுட்டாங்க! வலி மாதிரி ஒரு காவல்காரனைச் செய்யவே முடியாதுன்னு முடிவுக்கு வந்தார்.

தொழுநோய் இன்னைக்குக் கூட்டு மருந்துல குணமாகுது. ஆனா மரத்துப்போன பாதத்தை நான் தினமும் பார்க்குறேன், சுகர் நோயாளிங்க கிட்ட. போன மாசம் ஒரு ஐயா செருப்புல ஆணி ஏறி, அதோடவே சாயங்காலம் வரைக்கும் நடந்திருக்கார். செருப்பைக் கழட்டும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தார். உங்க வீட்டுல சுகர் இருக்குறவங்க இருந்தா, இன்னைக்கு ராத்திரி அவங்க பாதத்தைத் திருப்பிப் பாருங்க. விரல் இடுக்கையும் பாருங்க.