வீணான தண்டவாளம் தாங்கும் கடற்பாலம்

நேயர்களுக்கு வணக்கம். பாலம் கட்டும் வேலையிலேயே ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். இன்று பேசப்போவதும் ஒரு பாலத்தைப் பற்றித்தான். ஆனால் இது அக்கரைக்குப் போகாது. கரையில் தொடங்கி, கடலுக்குள் முந்நூறு மீட்டர் போய் அப்படியே நின்றுவிடும்.

இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்படிப் பல கடற்பாலங்கள் எழுந்தன. ரயில் வந்ததும் நகரத்து மக்கள் விடுமுறைக்குக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். நீராவிப் படகுகள் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். கால் நனையாமல் கடல் நடுவே உலாவவும் ஓர் இடம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டியவைதான் இவை. அவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது சாமர்செட் மாவட்டத்தின் கிளீவ்டன் கடற்பாலம்.

செவர்ன் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இருக்கிறது கிளீவ்டன். உலகத்திலேயே கடல் மட்டம் மிக அதிகமாக ஏறி இறங்கும் இடங்களில் இது ஒன்று. பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் பொங்கி ஏறும் வேளையில், தண்ணீர் 14 மீட்டர் வரை உயரும். காலையில் சேறாகக் கிடந்த இடத்தில் மதியம் நான்கு மாடி உயரத்துக்குத் தண்ணீர்! அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்கக் கால்கள் உயரமாக இருக்க வேண்டும். நீரோட்டத்தை மறிக்காதபடி மெலிந்தும் இருக்க வேண்டும். உயரமும் வேண்டும், மெலிவும் வேண்டும் என்றால் அது லேசான காரியம் இல்லை.

ஜான் வில்லியம் குரோவர், ரிச்சர்ட் வார்டு என்ற இரண்டு பொறியாளர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட இரும்பு எது தெரியுமா? ரயில்வே கழித்துப் போட்ட தண்டவாளம். பார்லோ என்பவர் வடிவமைத்த அந்தத் தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டையே தேவையில்லை, அப்படியே ஜல்லி மேல் போடலாம் என்றார்கள். புரூனல் என்ற பெயர்பெற்ற பொறியாளரின் தென் வேல்ஸ் ரயில் பாதையில் போட்டும் பார்த்தார்கள். ரயில் ஓட ஓட, இரண்டு தண்டவாளங்களும் விலகிப்போயின. சரி, பிரயோஜனமில்லை என்று பிடுங்கிவிட்டார்கள். அதைத்தான் இவர்கள் முதுகோடு முதுகு சேர்த்து, ரிவெட் அடித்துக் கால்களாக நிறுத்தினார்கள். கால் வரிசைக்கும் கால் வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கண் என்போம்; நூறடிக்கு ஒரு கண் வீதம் எட்டுக் கண்கள். 1869 ஈஸ்டரில் பாலம் திறந்தது. ஒரு வேலைக்கு ஆகாத பொருளின் குணத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு, இன்னொரு வேலையில் நிமிர வைத்தார்களே, அதைவிடப் பெரிய பொறியியல் எனக்குத் தெரியாது.

இங்கிருந்து படகில் எதிர்க்கரையிலுள்ள வேல்ஸுக்குப் போனார்கள். 1886-இல் செவர்னுக்கு அடியில் ரயில் சுரங்கம் வந்ததும் அந்தப் போக்குவரத்து குறைந்தது. உல்லாசப் படகுகள் மட்டும் தொடர்ந்து வந்தன.

அப்புறம் 1970 அக்டோபர் 17. இன்சூரன்ஸுக்காக லோடு டெஸ்ட் செய்தார்கள். ஜனங்களின் பாரத்துக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டிகளைத் தளத்தின் மேல் வைத்து நிரப்பினார்கள். கடல் பக்கத்துக் கண்கள் இரண்டு சரிந்து விழுந்தன. பாலத்தின் கடல் முனையில் இருக்கும் தலைமாடம் மட்டும் கரையோடு தொடர்பற்றுத் தண்ணீர் நடுவே தனியாக நின்றது. அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். நானும் பல பாலங்களில் இதே சோதனைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பாரம் ஏற ஏற மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நேரம் எனக்குப் பழக்கம்.

இடித்துவிடலாம் என்றது நகராட்சி. ஊர் மக்கள் விடவில்லை. நிதி திரட்டினார்கள். 1980-இல் பொது விசாரணை நடந்தபோது, அரசவைக் கவிஞர் ஜான் பெட்ஜமனும் பாலத்துக்காகப் பேசினார். இடிக்கும் திட்டம் நின்றது. 1985-இல் கண்களைக் கழற்றிப் பக்கத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டார்கள். 1989-இல் மக்கள் மறுபடி நடந்தார்கள். தலைமாடமும் முடிந்து, பாலம் முழுதாகத் திறந்தது 1998-இல். 2001-இல் முதல் தரப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள்.

இன்றும் அங்கே நடந்தால், காலடிப் பலகைகளில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள் தெரியும். பணம் கொடுத்தவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்த நேரத்தில் கரையில் நின்று பார்த்தால், ஒன்றோடொன்று முதுகு சேர்ந்து நிற்கும் அந்தத் தண்டவாளங்களையும் காணலாம்.

வணக்கம்.