ஒரு ஃபார்திங் இழப்பீடு

வணக்கம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த பெயர் கேட்பரி. அந்த சாக்லேட் நிறுவனம் 1909ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு நாளிதழின் மீது தொடுத்த அவதூறு வழக்கில் வென்றது. வென்றவருக்கு ஜூரி வழங்கிய இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. அன்றைய மாற்று விகிதத்தில் அது நம் ஊர்க் காலணாவுக்குச் சரியாக இருக்கும். வழக்கு உன்னுடையதுதான், ஆனால் உன் நற்பெயருக்கு நாங்கள் போடும் விலை இவ்வளவுதான் என்று ஜூரி சொல்லாமல் சொன்னதாகவே அன்று பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள்.

கேட்பரி குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரை ஏற்காதவர்கள், நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மறுப்பவர்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வாசல் நெடுங்காலம் அவர்களுக்கு அடைத்தே இருந்ததால், திறமையுள்ளவர்கள் வணிகத்துக்கு வந்தார்கள். பிரிஸ்டலின் ஃபிரை, யார்க்கின் ரவுண்ட்ரீ ஆகிய கோக்கோ நிறுவனங்களும் குவேக்கர்களுடையவையே. 1824இல் ஜான் கேட்பரி பர்மிங்காமில் கடை திறந்து தேயிலையும் காப்பியும் கோக்கோவும் விற்றபோது, சாராயத்துக்கு மாற்றாக மக்கள் குடிப்பதற்கு நல்ல பானம் வேண்டும் என்ற எண்ணமும் அந்த வியாபாரத்தில் கலந்திருந்தது. அவருடைய மகன் ஜார்ஜ், தொழிற்சாலையை ஒட்டி போர்ன்வில் என்ற குடியிருப்பை உருவாக்கி, வீட்டுக்கு வீடு தோட்டம் அமைத்து, 1900இல் அதை முழுவதுமாக ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். மதுக்கடைக்கு அங்கே இடமில்லை. 1901இல் டெய்லி நியூஸ் நாளிதழையும் வாங்கினார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் படும் பாட்டை அந்த நாளிதழ் கடுமையாகச் சாடியது.

அதே 1901இல்தான் ஜார்ஜின் அண்ணன் மகன் வில்லியம் கேட்பரியின் காதுக்கு ஒரு செய்தி எட்டியது. நிறுவனத்துக்கு வேண்டிய கோக்கோவில் பெரும்பகுதி, மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் போர்த்துக்கீசியர் ஆண்டுவந்த சான் தோமே, பிரின்சிப்பே என்னும் இரு தீவுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே உழைப்பவர்கள் அடிமைகள் என்பதே அந்தச் செய்தி. சட்டப்படி அங்கே அடிமை முறை கிடையாது. அங்கோலாவின் உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஐந்தாண்டு முடிந்ததும் அவர்களைக் கேட்காமலேயே அது புதுப்பிக்கப்பட்டது. ஊர் திரும்பியவர் அநேகமாக எவருமில்லை. விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் விவரப் பட்டியலில் நிலத்தோடும் கால்நடையோடும் தொழிலாளர்களுக்கும் விலை போடப்பட்டிருந்ததை வில்லியமே பார்த்தார்.

பார்த்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. 1903இல் லிஸ்பன் சென்று அதிகாரிகளையும் தோட்ட முதலாளிகளையும் சந்தித்தார். ஜோசப் பர்ட் என்ற இன்னொரு குவேக்கரைப் போர்த்துக்கீசிய மொழி கற்க வைத்து, 1905இல் தீவுகளுக்கும் பின்னர் அங்கோலாவுக்கும் அனுப்பினார். பர்ட் திரும்பி அறிக்கை கொடுக்க 1907 ஆகிவிட்டது. போர்ச்சுகலோடு தாங்கள் பேசிக்கொண்டிருப்பதால் பொறுத்திருக்குமாறு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையும் கேட்டுக்கொண்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போர்த்துக்கீசிய மொசாம்பிக்கிலிருந்து ஆள் தேவைப்பட்டதால், போர்ச்சுகலைப் பகைத்துக்கொள்ள பிரிட்டன் தயங்கிய காலம் அது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. இதனிடையே ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் தாமே அங்கோலாவுக்குச் சென்று வந்து, கண்டதை உலகறிய எழுதிவிட்டார். இத்தனைக்கும் நடுவில் கோக்கோ மூட்டைகள் பர்மிங்காமுக்கு வந்துகொண்டேயிருந்தன.

1908 செப்டம்பரில் ஸ்டாண்டர்டு என்ற நாளிதழ் இதைக் கையில் எடுத்தது. போர்ன்வில் தொழிலாளிக்காகவும் சீனக் கூலிக்காகவும் உருகுகிறவர்கள், தங்கள் கோக்கோவைப் பறிக்கும் கைகளைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை என்பது அதன் ஏளனம். ஊருக்குத்தான் உபதேசம் என்று நாம் சொல்வதை அது தன் பாணியில் சொன்னது. ஸ்டாண்டர்டு பழமைவாதக் கட்சியின் பக்கம் நின்ற ஏடு. 1906 தேர்தலில் அந்தக் கட்சி தோற்றதற்குச் சீனக் கூலிப் பிரச்சினையும் ஒரு காரணம் என்பதால், பழிதீர்க்கும் எண்ணம் அதற்கு இல்லாமலிருந்திருக்காது. ஆனால் கேட்டவரின் உள்நோக்கம் கேள்வியின் நியாயத்தைக் குறைத்துவிடுவதில்லை.

1909 மார்ச்சில், வில்லியம் தாமே ஆப்பிரிக்காவுக்குச் சென்று திரும்புகிற சமயத்தில், கேட்பரியும் மற்ற இரு குவேக்கர் நிறுவனங்களும் அந்தத் தீவுகளின் கோக்கோவை இனி வாங்குவதில்லை என அறிவித்தன. ஆண்டு இறுதியில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது ஸ்டாண்டர்டு சார்பில் வாதாடியவர் எட்வர்டு கார்சன். 1901 முதல் 1908 வரை உங்கள் கோக்கோவுக்காக உயிரிழந்த அடிமைகள் எத்தனை பேர் என்று கணக்கிட்டிருக்கிறீர்களா என்ற பொருளில் அவர் வில்லியமைக் கேட்டார். இல்லை என்பதே பதில்.

அவர்கள் வேடதாரிகள் என்று நான் கருதவில்லை. சாட்சியில்லாமல் ஒருவரைக் குற்றம் சொல்லலாகாது, கூச்சலிடுவதை விட நேரில் பேசித் திருத்துவதே நல்லது, வாங்குவதை நிறுத்தினால் சொல்லும் உரிமையும் போய்விடும் என்றெல்லாம் அவர்கள் எண்ணியது குவேக்கர் சபைகளில் பழகிய நெறிதான். அந்த நெறியே இங்கே எட்டாண்டு காலத் தாமதத்துக்கு நியாயமாகிப் போனது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. போர்ன்வில்லின் தோட்டங்களுக்குப் பணம் எடுத்த அதே கல்லாவிலிருந்துதான் சான் தோமேக்கும் பணம் போயிற்று. கொடுக்கும் பணத்தை வேதத்தின் முன் வைத்துப் பார்த்தவர்கள், கொள்முதல் பணத்தை வழக்கறிஞரிடமும் அமைச்சகத்திடமும் கொண்டுபோனார்கள்.

கேட்பரி பின்னர் தன் கோக்கோவுக்குக் கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவின் சிறு விவசாயிகளை நாடியது. தாம் கண்டதைச் சொல்லி அமெரிக்க உற்பத்தியாளர்களையும் விலகி நிற்கச் செய்யும் நம்பிக்கையோடு பர்ட் கடல் கடந்து சென்றார். அவர்கள் இசையவில்லை. சான் தோமேயின் மூட்டைகளை வாங்க வேறு நாடுகளில் ஆள் இருந்தார்கள்.