வாய்க்காலுக்கு மேற்கே

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர்களின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால்தான் தமிழர் பகுதி. அங்கே வைசியாள் வீதிக்கு வாருங்கள்.

வீட்டு வாசலுக்கு முன்னால் திண்ணை. திண்ணைக்கும் தெருவுக்கும் நடுவில், மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு. அதுதான் தாழ்வாரம். திண்ணை விருந்தாளிக்கு, தாழ்வாரம் முன்பின் தெரியாத வழிப்போக்கருக்கு. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் சேர்ந்து தெரு நெடுகவே நிழலாகிவிடும். சித்திரை வெயிலில் அதன் கீழே நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அப்புறம் மாடியை அண்ணாந்து பாருங்கள். கீழே முற்றமும் மரத்தூணுமாகத் தமிழ் வீடு; மேலே வளைவு ஜன்னலும் சுண்ணாம்புத் தூணுமாகப் பிரெஞ்சு பாணி. ஆனந்தரங்கப் பிள்ளை வீடும் இந்தக் கலப்புதான். பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்; 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த அதே பிள்ளையவர்கள். 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துப் பிரெஞ்சுக் கட்டடங்களைத் தரைமட்டமாக்கியபோதும் அவர் வீடு தப்பியது.

போரில் தப்பியவற்றுக்கு இன்று சிமெண்ட்தான் எமன். ஒரு வீட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். இடுப்பளவுக்குப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லை அரித்துவிடும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் பூசுகிறார்கள், அதுதான் வேதனை.

சரி, வழியே இல்லையா? இருக்கிறது. இதே வைசியாள் வீதியில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று, வீட்டுக்காரர்களும் பங்கு போட்டு, முகப்புகளைப் பழைய முறையில் சீர்செய்தார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் இன்னும் வீடுகள் இடிபடுகின்றன. பாகப்பிரிவினை, பராமரிப்புச் செலவு என்று வீட்டுக்காரர்களின் கஷ்டமும் நிஜம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதவி அவர்கள் வாசலுக்கே போக வேண்டும்.

அடுத்த முறை வந்தால் தாழ்வாரத்தின் கீழேயே நடந்து பாருங்கள். நிழல் திடீரென்று அறுந்து தலையில் வெயில் சுள்ளென்று விழும் இடங்கள் வரும். அங்கெல்லாம் ஒரு வீடு இருந்தது.

நன்றி, வணக்கம்.