ஒட்டகச்சிவிங்கி வளர்க்கப் போய் நான் பட்ட பாடு

வணக்கம் மக்களே! இருங்க, முதல்ல கேமை நிறுத்தி பாஸ்ல வெச்சுக்கிறேன். இந்த கேம்ல பாஸ் பண்ணாம வாயைத் திறந்தா, பேசி முடிக்கிறதுக்குள்ள யாராவது செத்துருப்பாங்க.

சரி. ஸ்கிரீன்ல வலது ஓரமா பாருங்க. புல்லு நடுவுல மூணு பேர் நிக்கிறாங்களா? ஒட்டகச்சிவிங்கி. மூணுமே காட்டுல இருந்து புடிச்சது. ரெண்டு பொண்ணு, ஒரு ஆண். ஆணுக்கு நெட்டையன்னு பேர் வெச்சிருக்கேன். அவனால நடந்த கூத்தைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி. இது ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ், ட்வார்ஃப்னு குள்ள மனுஷங்களை வெச்சுக் கோட்டை கட்டி நடத்துற கம்ப்யூட்டர் கேம். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் பண்ணது. 2006ல முதல்ல வெளிய விட்டப்போ படமே கிடையாது, எல்லாமே எழுத்தும் குறியும்தான். 2022 டிசம்பர்ல ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில வந்ததுக்கு அப்புறம்தான் இப்படிக் கண்ணுக்குத் தெரியிற மாதிரி மிருகம் எல்லாம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஆடினவங்க ஒரு எழுத்தைப் பாத்து "ஐயோ யானை!"ன்னு ஓடினவங்க. அவங்களுக்கு ஒரு சலாம்.

வேற கேம்ல மிருகம் பழக்குறது எப்படி இருக்கும்? மைன்கிராஃப்ட்ல ஓநாய்க்கு எலும்பு குடுத்துக்கிட்டே இருப்பீங்க, டக்குன்னு ஹார்ட் பறக்கும், கழுத்துல பட்டை வந்துரும், ஆயுசுக்கும் உங்க நாய். இங்க அந்தக் கதையே கிடையாது. இங்க பழக்குறதுங்கிறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற மாதிரி. ஊத்திக்கிட்டே இருக்கணும்.

முதல்ல புடிக்கணும்ல? வெப்பமண்டலப் புல்வெளியில கோட்டை போட்டாத்தான் இதுங்க கண்ணுல படும். கூட்டமா வரும், ட்வார்ஃப் யாராச்சும் கிட்ட போனா ஓடிரும். துரத்திப் புடிக்கிறது எல்லாம் நடக்காது. கேஜ் ட்ராப்தான் ஒரே வழி. கல்லுல ஒரு மெக்கானிசம், மரத்துல ஒரு கூண்டு, ரெண்டையும் சேத்துத் தரையில வெச்சுரணும். அது மேல காட்டு மிருகம் கால் வெச்சா கூண்டுக்குள்ள. நம்ம வளர்ப்பு மிருகம் நடந்தா ஒண்ணும் ஆகாது.

நான் ஒரு குன்றுக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல வரிசையா பன்னெண்டு ட்ராப் போட்டேன். பொண்ணுங்க ரெண்டும் அன்னைக்கே மாட்டிருச்சு. இந்த நெட்டையன் இருக்கானே, ஒரு முழு சீசன் என்னை அலைய விட்டான். ட்ராப்புக்குப் பக்கத்துக் கட்டம் வரைக்கும் வருவான், நிப்பான், திரும்பிப் போயிருவான். நான் ஸ்கிரீனைப் பாத்து "ஒரு அடிடா, ஒரே ஒரு அடி"ன்னு கெஞ்சுறேன். கடைசில அவன் மாட்டுன நேரம் நான் கீழ சுரங்கத்துல எதையோ நோண்டிக்கிட்டு இருந்தேன். பாக்கக்கூட குடுத்து வெக்கல.

இன்னொரு விஷயம் சொல்லணும், எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. இந்த கேம்ல எல்லா உயிருக்கும் ஒரே ஒரு கட்டம்தான் இடம். நிஜத்துல அஞ்சு மீட்டர் உயரம் வளர்ற மிருகம், அதைத் தூக்கிக் கூண்டுல வெச்சு, ஒரு ட்வார்ஃப் அந்தக் கூண்டைச் சுமந்துக்கிட்டு வாசல் வழியா உள்ள வர்றாரு. தலை இடிக்கல, ஒண்ணும் இடிக்கல. கழுத்தை மடிச்சு வெச்சாங்களா என்னன்னு தெரியல!

அப்புறம் சாப்பாடு. இங்கதான் எனக்குக் கேம் மேல ஒரு சின்ன வருத்தம். ஒட்டகச்சிவிங்கியோட மொத்த உடம்பும் எதுக்கு இருக்கு? மத்தவங்களுக்கு எட்டாத உயரத்துல இருக்கிற இலையைப் பறிக்க. அரை மீட்டர் கிட்ட நாக்கு, அந்த நாக்கால கருவேல முள்ளுக்கு நடுவுல இருந்து இலையை உருவித் திங்கும். குனிஞ்சு தண்ணி குடிக்கணும்னாகூட முன்னங்கால் ரெண்டையும் அகட்டி வெச்சாகணும், அவ்வளவு கஷ்டம். ஆனா கேம் இதை மாடு மாதிரி மேயுற லிஸ்ட்ல போட்டுருச்சு. தரையில இருக்கிற புல்லுதான். பக்கத்துலயே மரம் இலையோட நிக்கும், இவன் அதுக்கு அடியில பட்டினி கிடப்பான். பெரிய உடம்பு, அதனால நிறைய புல் வேணும். சின்னதா மேய்ச்சல் இடம் போட்டு அடைச்சீங்கன்னா புல்லு மொட்டை ஆயிரும், அப்புறம் நேரா சாவுதான். பெருசா போடுங்க. நீங்க நினைக்கிறதை விடப் பெருசா.

இப்போ பழக்குற கதை. ட்ரெயினிங் ஸோன் போட்டு, மிருகத்துக்கு ஒரு ட்ரெயினரை ஒதுக்கணும். முதல்ல வைல்ட். அப்புறம் செமி-வைல்ட், அப்புறம் ட்ரெயின்ட், அதுக்கு மேலயும் படிப்படியா போகும். சிக்கல் எங்கன்னா, காட்டுல புடிச்ச பெரிய மிருகம் எந்தப் படியில இருந்தாலும் கீழ இறங்கும். ட்ரெயினர் திரும்பத் திரும்ப வந்து பாக்கலைன்னா மெதுவா பழையபடி காட்டுக்கே போயிரும். உடம்பு உங்க கோட்டையில இருக்கும், மனசு காட்டுல.

என்கிட்ட இருந்தது ஒரே ஒரு ட்ரெயினர். அங்கதான் விட்டேன்.

அந்த ஆளுக்கு ஸ்ட்ரேஞ்ச் மூட் வந்துருச்சு. தெரியும்ல, திடீர்னு ஒரு பட்டறையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருவாங்க, வேற எந்த வேலையும் பாக்க மாட்டாங்க, கேட்ட பொருளைக் குடுத்தாத்தான் எழுந்திரிப்பாங்க. இவரு கேட்டது சிப்பி. என் ஆத்துல சிப்பி இல்ல. நான் சிப்பிக்கு நாயா பேயா அலையுறேன், மேய்ச்சல்ல இருக்கிற மூணையும் சுத்தமா மறந்துட்டேன். சிப்பி கிடைக்கல. ட்ரெயினருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, கொஞ்ச நாள்ல ஆளே போயிட்டாரு. அவரைப் புதைச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், மேல வரிசையா அறிவிப்பு. "வேலை ரத்து: ஒட்டகச்சிவிங்கி குறுக்கிட்டது." "வேலை ரத்து: ஒட்டகச்சிவிங்கி குறுக்கிட்டது." ஒரு பக்கம் முழுக்க அதேதான்.

நெட்டையன் மறுபடி வைல்ட் ஆயிட்டான். வேலிக்குள்ளயே. விறகு தூக்கிக்கிட்டுப் போன ஒருத்தரைக் குளம்பால விட்டான் பாருங்க, சண்டைக் குறிப்பைத் திறந்து படிச்சேன், மேல்கை எலும்பு முறிஞ்சுருச்சுன்னு போட்டிருக்கு. சிங்கத்தையே உதைச்சுக் கொல்லக்கூடிய கால் அது, ட்வார்ஃப் எம்மாத்திரம்? வேலி வாசல்ல அவசர அவசரமா நாலு ட்ராப் போட்டேன். இந்தத் தடவை ரெண்டாவது நாளே மாட்டினான். பழகின இடம்ல, தைரியமா நடந்து வந்தான்.

இதுல ஒரு நல்லதும் நடந்துச்சு. அந்தக் குழப்பத்துக்கு நடுவுல ஒரு பொண்ணு குட்டி போட்டிருக்கா! குட்டிதான் இங்க உண்மையான வழி. கோட்டைக்குள்ள பொறந்த குட்டியைச் சின்னதா இருக்கும்போதே பழக்கிட்டா, டேம், அதாவது முழுசா வளர்ப்பு மிருகம் ஆகி அப்படியே நிக்கும், இறங்காது. நிஜத்துலயும் பாதி அப்படித்தான். 1827ல மர்சேல்ல இருந்து பாரிஸ் வரைக்கும் ஒரு ஒட்டகச்சிவிங்கியை நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க, கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். எகிப்தை ஆண்ட முகம்மது அலி பிரெஞ்சு ராஜாவுக்கு அனுப்பின பரிசு. அது அவ்வளவு தூரம் மனுஷங்க கூட நடந்துச்சுன்னா, சூடான் பக்கம் குட்டியா இருக்கும்போதே புடிச்சுப் பசும்பால் குடுத்து வளர்த்ததுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். நெட்டையன் மாதிரி ஒரு முழு ஆணைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிருந்தா அந்த ஊர்வலம் ஊர் எல்லை தாண்டியிருக்காது.

நம்ம பேரையே பாருங்களேன், ஒட்டகம், சிவிங்கி, அதாவது சீட்டா. ஒட்டக உடம்பு, சிவிங்கிப் புள்ளி. ரோம்ல பாத்தவங்களும் ஒட்டகச்சிறுத்தைன்னுதான் கூப்பிட்டாங்க. சரியா யோசிச்சா, ஒட்டகத்தை மனுஷன் பழக்கிட்டான். சிவிங்கியை வேட்டைக்குப் பழக்கி வெச்சிருந்தாங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் காட்டுல இருந்து புதுசா புடிச்சாகணும். என் மூணும் சிவிங்கிப் பக்கம் சாஞ்சுருச்சு போல.

இப்போ குட்டிக்கு ரெண்டு ட்ரெயினர் போட்டிருக்கேன். ஒருத்தருக்குக் கிறுக்குப் புடிச்சாலும் இன்னொருத்தர் இருப்பாரு. லிஸ்ட்ல பாருங்க, ட்ரெயின்ட்னு காட்டுது.

கடைசியா ஒண்ணு. போன வசந்தத்துல, காட்டுல வாழ்ற எல்ஃப்ங்கிற இனத்து வியாபாரிங்க வந்தாங்க. அவங்க கொண்டு வந்த கூண்டைத் திறந்து பாக்குறேன், ஒட்டகச்சிவிங்கி. டேம். ரெண்டு வருஷம் நான் நாக்குத் தள்ளி வாங்க முடியாத ஒரு வார்த்தை, அதுக்குப் பக்கத்துல சும்மா எழுதியிருக்கு. கை நடுங்குது எனக்கு. கல்லுல செஞ்ச குவளை ஒரு குவியல் இருந்துச்சு, அப்படியே தள்ளி வெச்சு ட்ரேட் அமுக்கினேன். குவளை கல்லுதான். ஆனா குவளை இருந்த பெட்டி மரம். மரத்தை வெட்டினதுக்கு எல்ஃபுங்க கோவிச்சுக்கிட்டு, வந்த கூண்டோட கிளம்பிட்டாங்க. மேப் ஓரம் வரைக்கும் அந்தக் கூண்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

அடுத்த வசந்தத்துக்குப் பெட்டி எல்லாம் இரும்புலதான். சரி, அன்பாஸ் பண்றேன்... அய்யோ, நெட்டையன் எங்க?